கொக்கோத் தோல் விரித்த முற்றம்

கோரைப்புல்லை வென்றுவிட்டேன் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். மேலே தெரிகிற நாலு இலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிற ஆளாகத்தான் இருப்பார். மண்ணுக்குள்ளே ஒரு கிழங்கு, அதற்குக் கீழே ஒரு வேர், வேரின் நுனியில் இன்னொரு கிழங்கு என்று அது பெரிய குடும்பமே நடத்திக்கொண்டிருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், பிடுங்கின இடத்திலேயே விறைப்பாக எழுந்து நிற்கும். காத்தாயிக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன ஆயிற்று? ஆயுசு முழுக்க அவள் புல்லுக்கு முன்னால் குனிந்தே நின்றாள்.

இரத்தோட்டைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவள் பிறந்தாள். கொழுந்து பறிக்க விரல் வேகம் போதாது என்று கங்காணி அவளைப் புல்லுக் கொந்தரப்புக்குத் தள்ளிவிட்டார். மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, அதிலுள்ள புல்லையெல்லாம் சுரண்டி எடுக்கச் சொல்வதுதான் கொந்தரப்பு. சுரண்டியும் கையுமாக அவள் வளர்ந்தாள், கல்யாணம் கட்டினாள், இந்திரகுமார் என்று ஒரு மகனைப் பெற்றாள். அவன் இப்போது கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறான். வருசத்துக்கு ஒருதடவை தீபாவளிக்கு வந்து, அம்மாவின் முதுகைப் பார்த்து, இனி வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவான்.

புருசன் அழகையா புல்லுக்கு மருந்தடிக்கிற டாங்கி சுமந்தவர். காத்தாயி கையால் செய்கிற வேலையை அவர் டாங்கியால் செய்தார். வீட்டில் இது ஓயாத கேலிப்பேச்சு. "நீ ஒரு மாசமா சொரண்டுறத நான் ஒரு காலையில கருக்கிப்புடுவேன்" என்பார் அவர். "எல கருகும். கெழங்கு செத்துச்சானு கேட்டுட்டு வாங்க" என்பாள் இவள். மருந்தடித்த மலையின் ஓரத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் போகாதே, மாட்டுக்குப் புல் அறுக்காதே என்று அர்த்தம். தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அவர்கள் வளர்த்த செவலை நாய்க்குத்தான் தெரியவில்லை. தூரத்தில் அழகையாவைக் கண்டுவிட்டுச் சிவப்புத் துணியைத் தாண்டி, வயிறுவரை நனைந்து ஓடி வந்தது. அன்றைக்கு அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் படுத்துக் கால்களை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்தது. அடுத்த நாளே வாயில் நுரை தள்ளியது.

அழகையாதான் குழி வெட்டினார். அவருக்கு வேறு வேலை கிடைக்காது, ஆகவே மறுநாளும் டாங்கியைத் தூக்கிக்கொண்டு போனார். காத்தாயிதான் கணக்கப்பிள்ளையிடம் போய் நின்று சண்டை பிடித்தாள்.

"மனுசனுக்குத் துணி கட்டுறீங்க. வாயில்லாத சீவனுக்கு என்னத்தக் கட்டுவீங்க?"

கணக்கப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை. அழகையா நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்து, தோட்டத்தில் கொந்தரப்பும் குறைந்து, அவள் லயத்தில் இருந்தபடியே பஸ் ஏறி மாத்தளை டவுனுக்கு வீட்டுத் தோட்டங்கள் துப்புரவாக்க வந்தபோது முதல் வீட்டிலேயே சொல்லிவிட்டாள், மருந்து மட்டும் தொடமாட்டேன் என்று. அதனால் சில வீடுகள் போயின. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

போகாமல் நிலைத்த வீடு உருத்திரமூர்த்தி ஐயாவுடையது. முத்துமாரியம்மன் தேர் வருகிற வீதியிலிருந்து பிரிகிற சந்தில், ஜம்பு மரம் நிற்கும் வீடு. ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகத்துக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி, இங்கேயே மனைவியையும் பறிகொடுத்தவர். மகள் தயாளினி யட்டவத்த பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கல்யாணம் பேசிப் பேசி எல்லோரும் அலுத்துப்போன பிறகு, இனிப் பேசவேண்டாம் என்று அவளே நிறுத்திவிட்டாள். அப்பாவைப் பார்க்க ஆள் வேண்டுமே என்பது அவள் சொன்ன காரணம். அது பொய்யும் இல்லை. ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது.

பேச்சும் விழுந்தது. எத்தனையோ வருசம் கச்சேரியில் மூன்று பாஷையில் பேசித் தீர்த்த மனிதருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சியது. ஜூலி.

ஜூலி என்பது வீட்டு நாய். அப்பன் ஏதோ வெளிநாட்டுச் சாதி, அம்மா மாத்தளைச் சந்தை. நீள உடம்பு, குட்டைக் கால், தரையைத் துடைத்துக்கொண்டு போகிற வயிறு. ஐயாவுக்குத் தண்ணீர் வேண்டும் என்றாலும் ஜூலி, பசித்தாலும் ஜூலி, வெயில் சுட்டாலும் ஜூலி, மகள் வேலையால் வந்துவிட்டாளா என்று கேட்பதற்கும் ஜூலி. இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெடுக்கென்று சொன்னால் கழிப்பறை என்று தயாளினி ஒவ்வொன்றாகப் படித்து வைத்திருந்தாள். "பெத்த மகளின்ர பேர் போட்டுது, நாயின்ர பேர் நிண்டிட்டுது" என்று அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் காத்தாயிக்குப் பாவமாக இருக்கும்.

தோட்டம் கொத்த வந்த காத்தாயியை, தான் வேலைக்குப் போகிற நாளெல்லாம் அப்பாவோடு இருக்கும்படி தயாளினி கேட்டுக்கொண்டது ஐயா விழுந்த பிறகுதான். காலையில் ஐயாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி ஜம்பு மரத்து நிழலில் விடுவாள். கண் பார்வையில் அவரை வைத்துக்கொண்டே புல் பிடுங்குவாள். "ஜூலி" என்று ஐயா கூப்பிட்டால் முற்றத்தின் ஒரு பக்கத்திலிருந்து நாய் ஓடும், மறுபக்கத்திலிருந்து காத்தாயி ஓடுவாள். நாய்தான் எப்போதும் முந்தும்.

"என்னங்கய்யா, அவளயா கூப்புட்டீங்க, என்னயா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்பாள்.

ஐயா வாயின் இடது பாதியால் சிரிப்பார். அந்த வீட்டில் அவர் சிரிப்பது அந்த ஒரு நேரம்தான். அதற்காகவே காத்தாயி தேவையில்லாத நேரத்திலும் ஓடுவதுண்டு.

ஐப்பசி மழை பிடித்தது. முற்றம் முழுக்கக் கோரை. இடையிடையே தொட்டாற்சுருங்கியும் முள்ளைக் காட்டிக்கொண்டு படர்ந்தது. காத்தாயி ஒரு மூலையைப் பிடுங்கி முடிக்கும்போது மறுமூலை பச்சையாகிவிடும். ஒருநாள் ஐயாவின் நாற்காலி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. தயாளினி அதைக் கண்டதும் வெளிறிப்போனாள்.

"காத்தாயியக்கா, இனிமேல் ஏலாது. பதுர்தீன் நானாட ஆள் சனிக்கிழமை வந்து மருந்தடிக்கட்டும். அப்பாட காலடியில பாம்பு வந்தா ஆர் பதில் சொல்லுறது?"

பதுர்தீன் பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்பார்கள். மதில் ஓரமாக டாங்கி வைத்திருப்பவர். அந்த டாங்கியைக் கண்டாலே காத்தாயிக்கு ஆகாது.

"மருந்து வேணாம் மிஸ். ஜூலிக்கு காலு எம்புட்டு ஒசரம்னு பாருங்க. வயிறு புல்லுல ஒரசுது. அப்புறம் படுத்துக்கிட்டு ஒடம்பெல்லாம் நக்கும். அம்புட்டும் உள்ளதான் போகும்."

"ரெண்டு நாளைக்குக் கட்டி வைப்பம். காஞ்ச பிறகு விட்டா ஒண்டும் செய்யாதாம்."

"கட்டி வச்சா, ஐயா கூப்புட்டா யாரு போறது?"

முன்பொரு தடவை நாயைக் கட்டி வைத்த நாளில் ஐயா சாப்பிடாமல் இருந்ததைத் தயாளினியும் பார்த்திருக்கிறாள்.

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ. மருந்தும் கூடாது, புல்லும் கூடாது எண்டா எப்படி?"

"நான் பாத்துக்கிறேன் மிஸ்" என்றாள் காத்தாயி. அவ்வளவு நிச்சயமாக அவள் தன் வாழ்க்கையில் அதற்கு முன் எதையும் சொன்னதில்லை.

ஜூலியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, செங்கல் இடுக்குகளில் கொதிதண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். இடுக்குப் புல் செத்தது, கோரைக் கிழங்குக்கு அது குளிப்பாட்டின மாதிரிதான். உப்புக் கரைத்து ஊற்றச் சொல்லி மதிலுக்கு மேலால் பதுர்தீன் யோசனை சொன்னார். "உப்ப நாய் நக்கும் நானா. மண்ணும் மலடாப் போகும்" என்று மறுத்துவிட்டாள். வைக்கோல் பரப்பலாம், ஆனால் அதற்குள் உண்ணி வரும், பாம்புக்கும் அது மெத்தை. கடைசியில் அவளுக்குத் தோட்டத்து வேலைதான் ஞாபகம் வந்தது. நிழல் மரத்துக் கிளைகளை வெட்டித் தேயிலைக்கு இடையில் கனமாகப் பரப்பிவிடுவார்கள். வெளிச்சம் படாத மண்ணில் புல் தலை தூக்காது. இங்கே எதைப் பரப்புவது என்பதுதான் கேள்வி.

விடை அவள் மூக்குக்கே வந்தது. இரத்தோட்டை ரோட்டில் றுஸ்தியின் கொக்கோத் தொழிற்சாலை இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் கொக்கோக் கொட்டைகளை வாங்கி, வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்துத் தள்ளிவிட்டுப் பருப்பைக் கொழும்புக்கு அனுப்புகிறவர். பஸ் அந்த வளைவில் திரும்பும்போது வாசனை ஜன்னல் வழியே உள்ளே வரும். பின்பக்கத்தில் மெல்லிய பழுப்புத் தோல் மலைபோல் குவிந்து கிடக்கும். காத்தாயி ஒருநாள் இறங்கிப் போய்க் கேட்டாள்.

"எவ்வளவு வேணுமோ அள்ளிக்கிட்டுப் போங்கம்மா. இங்க இது குப்பயாத்தான் ஈக்குது" என்றார் றுஸ்தி. "டவுனுக்குப் போற நம்மட லொறியிலயே போட்டு விடுறன்."

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். விஷமா, விஷமில்லையா என்று பார்க்காமல் அவள் அந்தத் தோலில் ஒரு பிடிகூட முற்றத்தில் போடவில்லை. றுஸ்தியின் கண் முன்னாலேயே ஒரு கையளவு எடுத்து வாயில் போட்டு மென்றாள். கசந்தது. விழுங்கினாள்.

"அட, என்னம்மா செய்றீங்க? அதோட பருப்பத்தான் உலகமே சொக்கலட்டுன்னு திங்குது" என்று அவர் சிரித்தார்.

அதோடு விடவில்லை. ஒரு பையில் கொஞ்சம் லயத்துக்குக் கொண்டுபோய்த் தன் கோழிகளுக்கு முன்னால் கொட்டினாள். அவை கிளறிப் பார்த்துவிட்டுத் தம் பாட்டில் போயின, வழக்கம்போல முட்டையிட்டன. அவளும் சில நாட்கள் தினம் ஒரு சிட்டிகை தின்றாள். ஒன்றும் ஆகவில்லை. லயத்து நாய்கள் மனுசர் தின்று மிஞ்சியதைத் தின்றே வளர்ந்தவை. சோறு, ரொட்டி, மீன்தலை, பாணின் ஓரம். நாய் செத்தது என்றால் அது மனுசர் தின்னாத எதையோ தின்றிருக்கும். இதுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. அறுபதை நெருங்குகிற வாழ்க்கையில் அந்தக் கணக்கு ஒருதடவையும் தப்பியதில்லை. படித்த தயாளினிக்கும் வேறு கணக்குத் தெரியாது, கொக்கோவிலேயே வாழ்கிற றுஸ்திக்கும் தெரியாது. பிள்ளைகள் தின்கிற பண்டத்தின் தோலுக்கு யார் சிவப்புத் துணி கட்டப் போகிறார்கள்?

கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, ஜம்பு மரத்தடியிலிருந்து வாசற்படிவரை தோலைக் கனமாகப் பரப்பினாள். முற்றம் மாறிப்போயிற்று. பழுப்பு நிறத்தில் சமமாக, புல் இல்லாமல், சேறு இல்லாமல், வெயில் பட்டால் வாசனை கிளம்புகிற முற்றம். வேலையால் வந்த தயாளினி படலையைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயோ, சொக்கலேட் கடைக்குள்ள வந்த மாதிரியெல்லோ கிடக்கு!"

ஐயா மூக்கை உயர்த்தி உயர்த்தி மோந்தார். "ஜூலி" என்றார், யாரும் இதுவரை கேட்டிராத ஒரு குரலில். நல்லாயிருக்கு என்பதாகத்தான் இருக்கவேண்டும். காத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு டாங்கியையும் தூக்காமல், ஒரு சீவனையும் வருத்தாமல் புல்லை ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு பஸ்ஸில் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனாள். பக்கத்தில் இருந்தவள் இவளுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூலிக்கும் அந்த வாசனை பிடித்துவிட்டது. மூக்கால் தோலைக் கிளறும், நக்கும், எதையோ கடித்துப் பார்க்கும். "திருட்டுக் கழுத, சொக்கலட்டு கேக்குதா ஒனக்கு? தின்னு, தின்னு" என்று காத்தாயி செல்லமாகத் திட்டினாள். ஒருநாள் அதற்கு வயிறு இளகியது. மீன்தலை பழசாயிருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

கார்த்திகை மழை தோலை அடித்துக் கரைத்தது. அங்கங்கே மண் தெரிய, தெரிந்த இடத்திலெல்லாம் கோரை எட்டிப் பார்த்தது. காத்தாயி மறுபடி றுஸ்தியிடம் போனாள். இந்தத் தடவை கிடைத்தது அப்போதுதான் வறுத்துப் புடைத்த தோல், இன்னும் சூடு ஆறாதது, உடைந்த பருப்புத் துண்டுகளும் கலந்தது. நல்ல சரக்கு என்று சந்தோசப்பட்டாள். முந்தியதைவிடக் கனமாகப் பரப்பினாள். மத்தியானம் ஐயாவுக்குச் சோறு குழைத்து ஊட்டி, படுக்கவைத்து, அவர் கண்ணயரும்வரை காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரமெல்லாம் ஜூலி முற்றத்தில் தனியாக இருந்தது. பின்னேரம் அது கிண்ணத்துத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்ததைப் பார்த்தாள். வெயிலுக்கு என்று எண்ணிக்கொண்டு, தயாளினி வந்ததும் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

காலையில் வந்தபோது படலை திறந்து கிடந்தது. சந்து முனையில் வாடகைக்கு ஓட்டுகிற விஜேந்திரனின் த்ரீவீல் ஆட்டோ வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. தயாளினி இரவு உடுப்போடு, தலை வாராமல், துவாயில் சுற்றிய ஜூலியை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். வாந்தி காய்ந்த வாயோடு நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு அடிப்பது துவாய்க்கு மேலேயே தெரிந்தது.

"ராத்திரி முழுக்கச் சத்தி. ஒரு இடத்தில நிக்கேல்ல" என்றாள் தயாளினி. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "காத்தாயியக்கா, உண்மையச் சொல்லுங்கோ. எனக்குத் தெரியாம மருந்து ஏதும் அடிச்சனீங்களா?"

"அந்த மாரியம்மா மேல சத்தியமா இல்ல மிஸ்! நானா அடிப்பேன்? நானா?"

அவளுக்கு வந்த கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மதிலோரம் ஓடினாள்.

"பதுர்தீன் நானா! அங்கிட்டு மருந்தடிச்சீங்களா இல்லயா? வாயில்லாத சீவன இப்படிக் கொல்லப் பாக்குறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

பதுர்தீன் தொப்பியும் சாரமுமாக ஓடி வந்தார். "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றன் காத்தாயி, மழை தொடங்கின நாள்ள இருந்து நான் டாங்கிய தொடவே இல்ல" என்றார். முகம் சுருங்கிவிட்டது மனிதருக்கு. ஆனாலும் அவர்தான், "நீங்க ரெண்டு பேரும் போங்க, மூர்த்தி ஐயாவ நான் பாத்துக்கிறன்" என்று உள்ளே போய் ஐயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐயா உள்ளேயிருந்து கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

மிருக வைத்தியர் இளம் ஆள், சிங்களவர். ஜூலியின் நெஞ்சில் கை வைத்தார், வாயைத் திறந்து மோந்தார். தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள், எலி மருந்தா, புல் மருந்தா என்று சிங்களத்தில் கேட்டார். தயாளினி வாய் திறக்குமுன் காத்தாயி முந்திக்கொண்டாள். அவளுக்குச் சிங்களம் சரளமாக வரும். எங்கள் தோட்டத்தில் விஷமே கிடையாது மாத்தயா என்றாள். இந்த நாய்க்காகத்தான் மருந்தே வேண்டாம் என்று சண்டை பிடித்தேன் என்றாள். கையால்தான் பிடுங்குகிறேன், புல் வராமலிருக்க வெறும் கொக்கோத் தோல்தான் பரப்பியிருக்கிறேன், நானே தின்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சாட்சி சொன்னாள்.

வைத்தியரின் கை நாயின் மேல் அப்படியே நின்றது.

அவர் நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. கொக்கோவில் இருக்கிற ஒன்று மனிதருக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு அது விஷம், தோலிலும் அது இருக்கிறது, சின்ன நாய்க்குக் கொஞ்சம் போதும் என்றார். வாசனைக்கு ஆசைப்பட்டு நிறையத் தின்றிருக்கிறது என்றார். நிறையப் பேருக்கு இது தெரியாது என்று காத்தாயியைப் பார்த்துச் சொன்னார். அதை முறிக்கத் தனியாக மருந்து இல்லை, நேற்றே கொண்டுவந்திருந்தால் வயிற்றைக் கழுவியிருக்கலாம் என்றும் சொன்னார். சேலைன் ஏற்றினார், ஊசி போட்டார், தம்மால் முடிந்ததையெல்லாம் செய்தார். மத்தியானத்துக்கு முன் ஜூலிக்கு வலிப்பு வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு வைத்தியர் துவாயை இழுத்து மூடினார்.

யாரோ செய்த குற்றத்தைத் தன் தலையில் போட்டிருந்தால் காத்தாயி கத்தியிருப்பாள், கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்திருப்பாள். இதற்கு என்ன செய்வது? செவலையைக் கொன்றது தோட்டத்து டாங்கி என்று இத்தனை வருசம் ஆத்திரப்படவாவது ஓர் இடம் இருந்தது. ஜூலியைக் கொன்றது அவளுடைய அக்கறை. அக்கறையைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது விஜேந்திரன் த்ரீவீலில் பாட்டுப் போடவில்லை. சந்துக்குள் திரும்பும்போது தயாளினி வெளியே பார்த்தபடி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மருந்தெண்டா ரெண்டு நாள் கட்டி வச்சிருப்பன்."

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். கணக்கில் விட்ட பிழையைக் கண்டுபிடித்தவள் மாதிரிச் சொன்னாள். அது சரியான கணக்கு என்பது காத்தாயிக்கும் தெரிந்தது. விஷம் என்று தெரிந்திருந்தால் எல்லோரும் விலகி நின்றிருப்பார்கள். நாயைக் கட்டி, கதவைச் சாத்தி, காயும்வரை காத்திருந்திருப்பார்கள். நல்லது என்று நம்பியதால்தான் ஒருவரும் காவல் நிற்கவில்லை.

ஜம்பு மரத்துக்கு அப்பால் காத்தாயிதான் குழி வெட்டினாள். பிறகு முற்றம் முழுக்கக் கிடந்த தோலை ஒரு துணுக்கு விடாமல் வாரி, சாக்குகளில் அடைத்து, வாயைக் கட்டினாள். செங்கல் இடுக்கில் ஒட்டியதை நகத்தால் கெல்லினாள். கையெல்லாம் சொக்கலட்டு வாசனை. எத்தனை தடவை சவர்க்காரம் போட்டும் அன்றைக்கு அது போகவில்லை. பொழுது சாயும்போது மதிலோரம் போய் நின்று, "நானா, காலையில நான் பேசினத மனசுல வச்சிக்காதீங்க" என்றாள். "அத விடும்மா" என்றார் பதுர்தீன். அவர் திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் இனி வரவேண்டாம் என்ற சொல்லைக் கேட்கவேண்டியிருக்கும் என்றே வந்தாள். அதற்குத் தயாராக ஒரு கும்பிடும் மனதில் வைத்திருந்தாள். தயாளினி சேலை உடுத்தி, கைப்பையோடு வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. யட்டவத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அப்பாட கஞ்சி மேசையில கிடக்கு. குளிசையக் கரைச்சுக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான். காத்தாயியை நிற்பாட்டினால் ஐயாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை. எத்தனையோ பேரிடம் சொல்லி வைத்தும் யாரும் அகப்படாமல்தான் காத்தாயியையே பிடித்தாள். மன்னிக்கவும் முடியாமல், அனுப்பவும் முடியாமல் தயாளினி ஒவ்வொரு காலையும் வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்தாள். ஒவ்வொரு காலையும் காத்தாயி அதை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் கஞ்சி, குளிசை, மழை என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

முற்றத்துக்குப் பதுர்தீனின் ஆள் வந்து மருந்தடித்தான். வேண்டாம் என்று சொல்ல இனிக் காரணம் ஏது? காத்தாயி ஐயாவை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினாள். சில நாளில் புல் மஞ்சளாகி, பிறகு வைக்கோலாகி விழுந்தது. ஜூலியைப் புதைத்த இடத்தில் மட்டும் அந்த ஆள் அடிக்காமல் விட்டிருந்தான். கிளறின மண் ஆயிற்றே, கோரை அங்கே முதலில் வந்தது. காத்தாயி தினமும் உட்கார்ந்து அதைக் கையால் பிடுங்குகிறாள். மறுநாள் அது மறுபடி நிற்கிறது.

ஐயாவுக்கு என்ன விளங்கியது, என்ன விளங்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. தயாளினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஜூலி" என்றார். அது தண்ணீரா, துக்கமா என்று அவள் படித்து வைத்திருந்த எந்தப் பாடத்திலும் இல்லை. மகள் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்தப் பெயரைச் சொல்லவேண்டாம் என்று அவரிடம் கேட்கவும் முடியாது. அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை செத்த நாயின் பெயர் அந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்றைக்கும் வெயில் நன்றாக எறித்தது. நாற்காலி ஜம்பு மரத்தடியில். காத்தாயி கோரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜூலி" என்றார் ஐயா.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர் கொடுத்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார். விலகிப்போன நிழலுக்கு நாற்காலியைத் தள்ளினாள், போர்வையைச் சரிசெய்தாள்.

"ஜூலி" என்றார் மறுபடியும்.

"வந்துட்டேங்கய்யா. இந்தா, ஒங்க முன்னாலதான் நிக்கிறேன்."

ஐயா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், முற்றத்தில் ஜூலி ஓடி வருகிற பக்கத்தை, தரையோடு தரையாக, பார்த்துக்கொண்டே இருந்தார்.